நின்ன மாதிரிதான்

அவளுக்கு அந்த அலுவலகத்தில் அலாரம் என்று பெயர். முகத்துக்கு நேரே அக்கா, அக்கா என்றுதான் உருகுவார்கள். ஆனால் அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தால் போதும், நாலு மேசை தள்ளி இருப்பவன் காதில் மாட்டியதைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் இருப்பவனிடம், "அடிக்கப் போகுது" என்பான். அடிக்கும். யாரோ கணினி நிரலில் திறந்த கோப்பை மூடாமல் விட்டிருப்பார்கள். அவள் போய் நின்று, "இதுவே உங்க வீடா இருந்தா குழாயைத் திறந்து போட்டுட்டு ஊருக்குப் போவீங்களா?" என்று கேட்பாள். கேட்டது சரியாகத்தான் இருக்கும். அதுதான் யாருக்கும் பொறுக்காது.

கோபம் அவளுக்குக் கூடப்பிறந்தது என்பது அம்மாவின் கட்சி. "பொறந்தப்பவே டாக்டரைத்தான் முறைச்சா" என்பாள். ஒரு முறை ஜெராக்ஸ் கடை வரிசையில் நடுவில் நுழைந்த ஓர் ஆளைச் சட்டைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டாள். ரெண்டு வருஷம் கழித்து அதே ஆளைத்தான் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் சிரித்த முகக்காரர், அவளிடம் தினமும் திட்டு வாங்குபவர், வாங்காத நாளில் "உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவர்.

அம்மாவுக்கு அவள் வேலை இன்றுவரை புரிந்ததில்லை. "ஆபீஸ்ல டிரைவர் கீவர் எல்லாம் பார்த்துக்குறா" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவைத்தாள். "எத்தனை வண்டி ஓடுது?" என்று அவர்கள் கேட்டார்கள். கணினியில் டிரைவர் என்றால் வண்டி ஓட்டுபவர் அல்ல. கேமரா, திரை, அச்சு இயந்திரம் என்று வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்ளும் ஒவ்வொரு சாதனத்துக்கும், கணினியை நடத்தும் இயக்கமுறைமைக்கும் நடுவில் நின்று, இருவர் பேசுவதையும் மொழிபெயர்க்கும் ஆள். மொழிபெயர்ப்பவர் தப்பாகச் சொன்னால் திட்டு வாங்குவது பேசியவர்தான். இந்தக் கதையும் அதுதான்.

அவர்கள் செய்தது கண் மருத்துவமனைகளுக்கான ஒரு கருவி. நோயாளி தாடையை ஒரு தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் சாய்த்து உட்கார வேண்டும். கேமரா கண்ணுக்குள் எட்டிப் பார்த்துப் படம் பிடிக்கும். கண்ணின் பவரையும் அளந்து சொல்லும். டாக்டர் 'சேமி' என்ற பொத்தானை அழுத்துவார். அந்தப் பொத்தானுக்குப் பின்னால் இருந்ததுதான் அலாரத்தின் ராஜ்ஜியம். யாருடைய கண், எந்தப் பக்கம், என்ன பவர், எந்தப் படம் என்பதைப் பத்திரப்படுத்தும் நிரல், பதிவுப் பகுதி. ஏழு வருஷமாக அவள் ஒருத்தியே எழுதி, திருத்தி, மறுபடி எழுதி வளர்த்தது.

அந்தப் பகுதிக்கும் அவள் குணம்தான். ஒவ்வொரு பதிவுக்கும் தலையிலும் காலிலும் ஓர் அடையாளக் குறி வைத்திருந்தாள். தொடுவதற்கு முன் குறி கலையாமல் இருக்கிறதா என்று பார்க்கும். கலைந்திருந்தால் ஒப்புக்குச் சமாளித்துக்கொண்டு போகாது. கருவியையே நிறுத்திவிட்டுக் கத்தும். அந்தக் கட்டடத்தில் எழுதப்பட்ட மற்ற எதுவும் அப்படிக் கத்தாது.

கருவி வெள்ளோட்டத்துக்கு மருத்துவமனைகளுக்குப் போன பிறகுதான் விழ ஆரம்பித்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், டாக்டர் சேமி என்பார், திரை கறுத்துப்போகும். ஒவ்வொரு முறையும் விழுந்த இடம் பதிவுப் பகுதி.

மேலாளர் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருப்பதற்கு வேண்டிய உழைப்பு அவரிடம் கிடையாது. அவர் அவளைக் கூப்பிட்டு, "என்னம்மா, உங்க பகுதியிலதானே விழுது?" என்றார்.

"விழுற இடம் என்னோடது சார். தள்ளிவிட்டது யாருன்னுதான் கேக்குறேன்."

"தள்ளிவிட்டாங்கன்னு எப்படிச் சொல்றீங்க?"

"குறி கலைஞ்சிருக்கு. நான் எழுதாத எதையோ யாரோ என் இடத்துல வந்து எழுதியிருக்காங்க."

"யாரு?"

"அது தெரிஞ்சா உங்ககிட்ட வந்து நின்னுட்டிருப்பேனா?"

இந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னாள். மேலாளர் தண்ணீர் குடித்தார். மறுநாள் எல்லோருக்கும், வெள்ளோட்டம் நடந்த மருத்துவமனைகளுக்கும் சேர்த்து, அவர் பெயரில் ஒரு மின்னஞ்சல் போயிற்று. கோளாறு பதிவுப் பகுதியில்தான். வெளியிலிருந்து வாங்கிய வேறு பகுதியைப் பொருத்திப் பார்க்கிறோம். சரியாக ஓடினால் வெள்ளிக்கிழமையோடு பழையதை எடுத்துவிடுவோம். அவளுக்குத் தனியாக இரண்டு வரி. அடுத்த வாரத்திலிருந்து அவள் வாடிக்கையாளர் தொலைபேசிப் பிரிவில் உட்கார வேண்டும்.

கோபத்தில் இருக்கும் டாக்டர்களைச் சமாதானப்படுத்த அலாரத்தை அனுப்புகிறார்கள் என்ற செய்தி கேட்டு அலுவலகமே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. வீட்டில் கணவர் மட்டும் பொத்தாமல் சிரித்தார். "பாவம், டாக்டருங்க" என்றார். அன்று அவருக்குத் திட்டு விழவில்லை. அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். அவர் சிரிப்பை நிறுத்தினார்.

கணினியின் நினைவகம் கெட்டுப்போவது என்பது ஒரு விசித்திரமான குற்றம். விடுதி அறை மாதிரி யோசித்துக்கொள்ளலாம். கேட்பவருக்கு இயக்கமுறைமை ஓர் அறை கொடுக்கும். அவர் காலி செய்தால் அடுத்து வருபவருக்குக் கொடுக்கும். காலி செய்துவிட்டுப் போனவர் சாவியைத் திருப்பித் தராமல் வைத்திருந்து, மறுபடி வந்து கதவைத் திறந்து தன் மூட்டையை உள்ளே வீசினால், அது புது ஆள் தலையில் விழும். புது ஆள் அலறுவார். அலறுபவரைத்தான் எல்லோருக்கும் தெரியும். மூட்டையை வீசியவர் அதற்குள் தெரு முனையில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்.

அவள் வழக்கமான வலைகளை எல்லாம் விரித்தாள். நடப்பதை வரிக்கு வரி எழுதிக்கொண்டே போ என்று பகுதிக்குச் சொன்னாள். அப்படி எழுதவைத்ததும் கருவி விழுவது நின்றுபோனது. எழுதுவதை எடுத்தால் விழுந்தது. வைத்தால் நின்றது. கண்காணித்தால் நல்லபிள்ளையாகிவிடும் திருடனை என்ன செய்வது? விசைப்பலகையை மேசையில் ஓங்கிக் குத்தினாள். ஒரு பொத்தான் தெறித்துப் போய் மேலாளர் அறைக் கதவில் பட்டது. "அடிச்சுடுச்சு" என்றான் நாலு மேசை தள்ளி இருந்தவன்.

இதற்கிடையில் வெளியிலிருந்து வாங்கிய பகுதி வந்து உட்கார்ந்தது. அதற்குக் குறியும் கிடையாது, சோதனையும் கிடையாது. கொடுத்ததை வாங்கி வைக்கும், கேட்டதை எடுத்துக் கொடுக்கும். கருவி விழவே இல்லை. மேலாளர் அவள் மேசைப் பக்கம் வந்து, "பார்த்தீங்களா?" என்றார். அந்த ஒரு சொல்லில் அவர் வைத்த பரிவு இருக்கிறதே, அதற்காகவே அவரை அடிக்கலாம்.

பரிசோதனை அறையில் ஓர் ஆள் இருந்தார். நாள் முழுக்கத் தாடையைத் தாங்கியில் வைத்துக்கொண்டு தன் கண்ணைப் படம் பிடிக்கக் கொடுப்பதுதான் அவருக்குச் சம்பளம். கண்ணுக்காரர் என்று பெயர். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் அவளைப் பார்த்துவிட்டு, "அக்கா, எனக்கு வயசாயிடுச்சு போல" என்றார்.

"ஏன்?"

"காலையில இடது கண்ணு மைனஸ் ஒன்றரை. சாப்பிட்டு வந்தா மைனஸ் நாலரை. சாப்பாட்டுல ஏதாவது கலந்துட்டாங்களோ?"

அவள் சிரிக்கவில்லை. கையில் பிடித்த தண்ணீரைக் குடிக்கவும் இல்லை. "யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"மெஷின்தான் விழலையே அக்கா. எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. ஒரு நம்பருக்காக நான் ஏன் கெடுக்கணும்?"

அப்போதுதான் அவளுக்கு உண்மையான கோபம் வந்தது. அதுவரை வந்ததெல்லாம் பழக்கத்தில் வந்தது. மூட்டை இன்னும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. இப்போது அறையில் இருப்பவர் அலறுவதில்லை, அவ்வளவே. மைனஸ் எழுநூறு என்று காட்டியிருந்தால் எந்த டாக்டரும் சிரித்துவிட்டு மறுபடி அளப்பார். நாலரை என்றால் நம்புவார். நம்பிக் கண்ணாடி எழுதுவார், அறுவைசிகிச்சைக்கு அளவு வைப்பார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இதைச் சொல்லக் கருவிக்குள் ஒரு வாய்கூட மிஞ்சாது.

ஒரு சோதனைக் கருவியில் தன் பழைய பகுதியைத் திரும்பப் பொருத்தினாள். இந்த முறை எதையும் எழுதவைக்கவில்லை. விழட்டும் என்று விட்டாள். விழுந்ததும், கெட்டுப்போன இடத்தை மட்டும் அப்படியே படியெடுத்தாள். ஒன்றல்ல, பல விழுகைகள். அருகருகே வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் கெட்ட இடத்தின் நீளம் ஒன்றே. உள்ளே இருந்த எண்களும் தாறுமாறாக இல்லை. பக்கத்துப் பக்கத்து எண்கள் மெல்ல ஏறி மெல்ல இறங்கின. குப்பைக்கு இவ்வளவு ஒழுக்கம் ஏது? அவள் அவற்றை எண்களாகப் பார்ப்பதை விட்டுவிட்டுப் படமாக வரைந்தாள். பெரிய எண்ணுக்கு வெளுப்பு, சின்ன எண்ணுக்குக் கறுப்பு. திரையில் ஒரு விரல் அகலத்துக்கு நீளமான சாம்பல் பட்டை வந்தது. அதில் வரிசையாகக் கறுப்புக் கீற்றுகள்.

கண்ணுக்காரரைக் கூப்பிட்டாள். அவர் குனிந்து பார்த்தார்.

"சீப்பா அக்கா?"

"நல்லாப் பாருங்க."

பார்த்தார். திடீரென்று தன் இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டார். "ஐயையோ! இது என் இமை! அந்த ஓரத்துல வெள்ளையா ஒண்ணு இருக்கு பாருங்க, அது என் நரைமுடி. வீட்ல இருக்கிறவளுக்கே இன்னும் தெரியாது!"

பளிச்சென்று வெளிச்சம் அடித்துப் படம் எடுத்து முடித்ததும் யாராக இருந்தாலும் கண்ணைச் சிமிட்டுவார்கள். அந்தச் சிமிட்டல்தான் அவள் பதிவுகளின் மேல் வந்து விழுந்துகொண்டிருந்தது. டாக்டர் சேமி என்றதும் கேமரா நிற்கும். அது இருந்த அறை காலியாகும். பதிவுப் பகுதி ஓர் அறை கேட்கும். சற்றுமுன் காலியானதே அதற்குக் கிடைக்கும். கேமராவோ இன்னும் படத்தின் கடைசி வரிகளைக் கொட்டி முடிக்கவில்லை. நடப்பதை எல்லாம் எழுதவைத்தபோது அந்தத் தாமதத்தில் அது கொட்டி முடித்துவிட்டது, அதனால்தான் விழவில்லை.

கேமரா டிரைவரை எழுதியவருக்குத் தங்கம் என்று பெயர். அந்த அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னாலும் அதே பட்டப்பெயரோடு வாழ்ந்தவர் அவர் ஒருவர்தான். குரலை உயர்த்தியதில்லை, ஒருவரிடமும் முகம் சுளித்ததில்லை. அவர் எழுதியதை யாரும் இரண்டாம் முறை படித்ததும் இல்லை; அவ்வளவு நல்ல மனிதரைச் சந்தேகப்படுவது அநாகரிகம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அவள் டிரைவரைத் திறந்தாள். கேமராச் சில்லுக்கு, அதாவது அதன் சிப்புக்கு, 'நில்' என்று ஓர் ஆணை. அடுத்த வரியிலேயே அறையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. நடுவில் ஒன்றுமில்லை. எழுந்து அவர் மேசைக்குப் போனாள்.

"நில்லுன்னு சொன்னீங்க. நின்னுச்சான்னு பார்த்தீங்களா?"

தங்கம் புன்னகைத்தார். "அண்ணன்கிட்ட அப்பவே கேட்டுட்டேன் அக்கா. சொன்னதும் நின்ன மாதிரிதான்னார்."

அண்ணன் என்றது கீழ்த்தளத்தில் சில்லு வேலை பார்ப்பவரை. சர்க்யூட் அண்ணன். அவள் படியில் இறங்கிய வேகத்தைப் பார்த்து இரண்டு பேர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

"அண்ணே, நில்லுன்னா சில்லு நிக்குமா?"

"நின்னுடும்மா."

"நின்னுடுமா, நின்னுடுச்சா?"

"நின்ன மாதிரிதான்."

"மாதிரின்னா?"

சர்க்யூட் அண்ணன் கையில் இருந்த கம்பியைக் கீழே வைத்தார். "கையில இருக்கிற கடைசி வரிங்க ரெண்டு மூணைக் கொட்டிட்டு நிக்கும். கண்ணு இமைக்கிற நேரம்கூட ஆகாது. இதுக்குப் போய்..."

"அதைத் தங்கத்துகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேனே. நின்ன மாதிரிதான்னு சொன்னேன்."

அவர் பொய் சொல்லவில்லை. தங்கமும் பொய்யாகக் கேட்கவில்லை. வீட்டில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றபடி "கிளம்பிட்டேன், வந்துட்டேன்" என்று போனில் சொல்லும் ஓர் ஆளோடுதான் அவளும் இத்தனை வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறாள். பின்னணியில் வாளி நிரம்பும் சத்தம் அவளுக்குக் கேட்கும். வேலை முடிஞ்ச மாதிரிதான், காசு வந்த மாதிரிதான், பொண்ணு பாஸான மாதிரிதான். நம் வாயில் அந்தச் சொல் வந்தால் காரியம் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம். கேட்பவர் காதில் ஆகிவிட்டது என்று விழும். மனிதர்களிடையே இந்த இடைவெளியை அன்பும் பொறுமையும் நிரப்பிக்கொள்ளும். சில்லிடம் இரண்டும் கிடையாது.

"உங்க சில்லு கையேட்டுல, 'முழுசா நின்னுட்டேன்'னு சொல்ல ஒரு தனி அடையாளம் இருக்கே அண்ணே. அதைப் பார்க்கணும்னு சொல்லியிருக்கலாமே?"

"இருக்கும்மா. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"கேட்டாரே!"

"நின்னுடுமான்னுதான் கேட்டார்."

திருத்தம் ஒரே ஒரு நிபந்தனை: அந்த அடையாளம் வரும்வரை அறையை விடாதே. தங்கத்தின் மேசைக்குப் போய், படத்தையும் வரியையும் காட்டினாள். சுற்றி ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். அவர் பார்த்தார், கை கூப்பிவிட்டார். "என் தப்புதான் அக்கா. முழுக்க என் தப்பு. மன்னிச்சுடுங்க."

சுற்றி நின்றவர்கள் கலங்கிப்போனார்கள். "எவ்ளோ பெரிய மனசு" என்றார் ஒருவர். ஒருத்தி ஓடிப்போய்த் தங்கத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். நாலு மேசை தள்ளி இருந்தவன் அலாரத்திடம் வந்து தாழ்ந்த குரலில், "கொஞ்சம் தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம் அக்கா" என்றான்.

"என்னைத் தனியாவா கூப்பிட்டுச் சொன்னாங்க? ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா மெயில் போட்டுல்ல சொன்னாங்க!"

அவன் காதில் மறுபடி மாட்டிக்கொண்டான்.

அவள் மேலாளர் அறைக்குள் போனபோது அவர் ஏற்கனவே மலர்ந்திருந்தார். "அப்ப சின்ன விஷயம்தானா! சந்தோஷம். நல்ல கூட்டு முயற்சி. அந்த ஒரு வரியைப் போட்டுடுங்க. மத்தபடி மாத்தினது மாத்தினதாவே இருக்கட்டும். புதுப் பகுதி அமைதியா ஓடுது, எதுக்குக் கலைக்கணும்?"

"அமைதியாத்தான் ஓடுச்சு. ஓடிக்கிட்டே நல்ல கண்ணுக்கு நாலரைன்னு எழுதுச்சு."

"அதான் சரியாயிடுச்சேம்மா."

"இந்த மூட்டை சரியாயிடுச்சு. அடுத்த மூட்டை வரும் சார். கத்துறதை எடுத்துட்டுக் கத்தாததை வெக்கிறீங்க. சரி, வெச்சுக்கோங்க. ஒன்றரை எப்படி நாலரை ஆச்சுன்னு நாளைக்கு டாக்டர் கேட்டா, நீங்களே பதில் சொல்லுங்க. நான்தான் அப்ப போன் பக்கத்துல உட்கார்ந்திருப்பேனே, நேரா உங்களுக்கே கனெக்‌ஷன் குடுத்துடுறேன்."

மேலாளர் தண்ணீர் குடித்தார். தம்ளர் காலியானது. பழைய பகுதியே இருக்கட்டும் என்றார். தொலைபேசிப் பிரிவைப் பற்றி அவராகவே, "நீங்க அங்க போக வேண்டாம், அதை விட்டுடலாம்" என்றார். பிறகு பேச்சு முடிந்தது என்பதற்கு அடையாளமாகக் கணினித் திரையைப் பார்த்தார்.

அவள் எழுந்திருக்கவில்லை. "மெயில்."

"எந்த மெயில்?"

"என் பகுதிதான் கெட்டதுன்னு போட்டீங்களே. அதே ஆளுங்களுக்கு, அதே மாதிரி."

"பழசை எதுக்கும்மா கிளறணும்?"

"பழசா? நேத்துகூட ஒரு டாக்டர் என்னைப் பேர் சொல்லிக் கேட்டார், 'ஓ, அது நீங்கதானா'ன்னு. போடுங்க. நான் இங்கயேதான் உட்கார்ந்திருக்கேன்."

மேலாளர் தட்டச்சு செய்தார். திரையை அவள் பக்கம் திருப்பினார். 'முன்னர் தெரிவிக்கப்பட்ட தகவலில் சிறு பிழை நேர்ந்துள்ளது.'

"தெரிவிக்கப்பட்டதா? யாரால?"

அவர் அதை அழித்தார். 'நாங்கள் தெரிவித்த' என்று மாற்றினார்.

"நாங்களா? இன்னும் யாரு சார்?"

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். 'நான் தெரிவித்த' என்று அடித்தார். அந்த ஒரு சொல்லை அடிக்க அவர் விரல்கள் பட்ட பாட்டைப் பார்த்தால், விசைப்பலகையில் அந்த எழுத்துகளை அவர் அதற்குமுன் தொட்டதே இல்லையோ என்று தோன்றும்.

"நேர்ந்துள்ளதா? மழையா சார் அது, தானா நேர?"

'நான் தெரிவித்த தகவல் தவறு. பதிவுப் பகுதியில் கோளாறு இல்லை. கோளாறு கேமரா டிரைவரில் இருந்தது. அதைக் காட்டிக்கொடுத்ததே பதிவுப் பகுதியின் சோதனைதான்.' கடைசி வாக்கியத்தை அவளே சொல்ல, அவர் அடித்தார். அனுப்பினார். நாற்காலியில் சாய்ந்து, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேட்டார்: "இப்பவாவது கோபம் போச்சாம்மா?"

"இல்லை சார்."

"இன்னும் என்ன?"

"தங்கம் எழுதின டிரைவர் இன்னும் ரெண்டு இருக்கு. திரையோடது ஒண்ணு, பிரிண்டரோடது ஒண்ணு. அதையும் இதுவரைக்கும் ஒருத்தரும் படிச்சதில்லை."

கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள். தங்கத்தைச் சுற்றி இன்னும் நாலு பேர் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் கோப்பைத் திறந்து, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.